அரசு ஒப்பந்தப்புள்ளி: விலையைக் குறைத்தால் மட்டும் போதுமா?

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு சென்று விற்பது உழவர்களுக்குப் பழகிய வழி. ஆனால் ஆண்டு முழுவதும் காய்கறி, பருப்பு, சிறுதானியம், விதை, நாற்று ஆகியவற்றைப் பெருமளவில் வாங்கும் மற்றொரு வாடிக்கையாளரும் உண்டு. அரசு மாணவர் விடுதிகள், மருத்துவமனைகள், சிறைச்சாலைகள், அரசுத் துறைப் பண்ணைகள் முதலியனவே அந்த வாடிக்கையாளர். இவை கடைக்காரரிடம் பேரம் பேசி வாங்குவதில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரி, வந்தவற்றை ஆராய்ந்து, தகுதியுள்ளவருக்கு ஆணை வழங்குகின்றன. டெண்டர் என்று நாம் வழக்கில் சொல்வது இதைத்தான்.

தனி உழவர் ஒருவர் இத்தகைய ஆணையை நிறைவேற்றுவது கடினம். ஆனால் பல நூறு உழவர்கள் சேர்ந்த உற்பத்தியாளர் நிறுவனத்தாலோ கூட்டுறவுச் சங்கத்தாலோ இது இயலும். 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பின் நம் மாநிலத்திலும் இத்தகைய அமைப்புகள் பெருகியுள்ளன. இவற்றில் உறுப்பினராக உள்ள உழவர்கள் ஒப்பந்தப்புள்ளி முறையை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

"குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர்" என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது பாதி உண்மையே. வந்த விலைகள் அனைத்தும் ஒப்பிடப்படுவதில்லை. முதற்கட்ட ஆய்வில் தேறியவற்றின் விலைகளே ஒப்பிடப்படுகின்றன. முதற்கட்டத்தில் தவறியவர் எவ்வளவு குறைத்துக் கேட்டிருந்தாலும் பயனில்லை. மறுபுறம், அடக்க விலையை அறியாமல் குறைத்துக் கேட்டு ஆணையைப் பெற்றவர் ஆண்டு முழுவதும் நட்டப்பட நேரிடும். இவ்விரண்டு இடர்களையும் தவிர்க்கும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் அரசுத் துறைகள், வாரியங்கள், உள்ளாட்சிகள் ஆகியவற்றின் கொள்முதலுக்கென 1998ஆம் ஆண்டில் ஒப்பந்தப்புள்ளிகளின் வெளிப்படைத்தன்மை குறித்த தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அது அவ்வாண்டின் 43ஆம் சட்டமாகும். அதற்கான விதிகள் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. கர்நாடக மாநிலமும் 1999இல் இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது.

இச்சட்டப்படி ஒப்பந்தப்புள்ளியைக் கோரும் அலுவலர் ஒருவர்; அதை ஏற்று ஆணையிடும் அதிகாரம் பெற்றவர் ஒருவர். பெரிய கொள்முதல்களில் இவர்களுக்கு உதவியாக ஆய்வுக் குழுவும் அமைக்கப்படும். எந்த அடிப்படையில் ஒப்பந்தப்புள்ளிகள் மதிப்பிடப்படும் என்பதை ஆவணத்திலேயே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். உறைகளைத் திறந்த பிறகு புதிய நிபந்தனை சேர்க்கவோ, இருப்பதைத் தளர்த்தவோ இடமில்லை. பெரிய வணிகருக்கும் சிறிய உழவர் குழுவிற்கும் அளவுகோல் ஒன்றே.

அறிவிப்பைக் காண்பது எங்கே?

ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் நாளிதழ்களில் வெளிவருகின்றன. மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் இதற்கெனச் செய்தியிதழ்கள் வெளியிடவும் சட்டம் வகை செய்துள்ளது. இன்று தமிழ்நாடு அரசின் டி.என். டெண்டர்ஸ் இணையதளத்தில் அறிவிப்பையும் ஆவணங்களையும் பார்க்கலாம். மத்திய அரசு நிறுவனங்கள் 2016இல் தொடங்கப்பட்ட ஜெம் என்னும் மின்சந்தையின் வழியாகவும் பொருள்களை வாங்குகின்றன.

அறிவிப்பு வெளிவந்த பின் ஒப்பந்தப்புள்ளி அளிக்கப் போதிய கால அவகாசம் தரப்பட வேண்டும். 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, ரூ.2 கோடி வரை மதிப்புள்ளவற்றிற்குக் குறைந்தது 15 நாட்கள். அதற்கு மேற்பட்டவற்றிற்குக் குறைந்தது 30 நாட்கள். இக்காலத்தைக் குறைப்பதானால் மேல் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும்.

பதினைந்து நாட்கள் என்பது குறுகிய காலமே. அறிவிப்பைக் கண்ட பின்னர் சான்றிதழ்களுக்கு அலையத் தொடங்கினால் நாட்கள் போதா. ஆகவே எப்போதும் தேவைப்படும் ஆவணங்களை முன்னதாகவே திரட்டி ஒரு கோப்பில் வைத்திருத்தல் நலம்.

ஆவணத்தைப் படிக்கும் முறை

ஒப்பந்தப்புள்ளி ஆவணம் சில வேளைகளில் ஐம்பது பக்கங்களுக்கு மேலும் நீளும். அதை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருவர் உரக்கப் படிக்க, குழுவினர் கேட்டுக் குறிப்பெடுத்துக் கொள்வது நல்ல முறை. கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் குறித்துக் கொள்ள வேண்டும்.

1. கடைசி நாளும் நேரமும்.
2. முன்வைப்புத் தொகை எவ்வளவு, எந்த வடிவில் செலுத்த வேண்டும் என்பது.
3. தகுதி நிபந்தனைகள்: எத்தனை ஆண்டு அனுபவம், எவ்வளவு வரவு செலவு, எந்தப் பதிவுகள்.
4. பொருளின் தரம், அளவு, வழங்க வேண்டிய இடம், நேரம்.
5. விலை எத்தனை நாட்களுக்கு மாறாமல் இருக்க வேண்டும் என்பது.
6. பணம் வழங்கும் முறை, வழங்கத் தவறினால் விதிக்கப்படும் அபராதம்.

ஏதேனும் விளங்கவில்லையெனில், குறிப்பிட்ட காலத்திற்குள் எழுத்து மூலம் விளக்கம் கேட்கலாம். வாய்மொழியாகப் பெறும் விளக்கத்தை நம்பி விலை போடுதல் கூடாது. தகுதி நிபந்தனை நமக்குப் பொருந்தவில்லையெனில் அந்த ஒப்பந்தப்புள்ளியை விட்டுவிடுவதே உழைப்பையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

முன்வைப்புத் தொகையும் பிணைத் தொகையும்

முன்வைப்புத் தொகை என்பது, போட்டியில் உண்மையாகவே ஈடுபடுகிறோம் என்பதற்கு அடையாளமாகச் செலுத்துவது. இது பொதுவாகக் கொள்முதல் மதிப்பில் 1 சதவீதத்திற்கு மேற்படுவதில்லை. ஆணை கிடைக்காதவர்களுக்கு இத்தொகை திருப்பித் தரப்படும். விலை செல்லுபடியாகும் காலத்திற்குள் பின்வாங்குபவரும், ஆணை கிடைத்த பின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுப்பவரும் இத்தொகையை இழப்பர்.

ஆணை பெற்றவர் பிணை வைப்புத் தொகை செலுத்த வேண்டும். இது ஆணை மதிப்பில் 5 சதவீதம் வரை இருக்கும். ஒப்பந்தக் காலம் செவ்வனே முடிந்த பின்னரே இத்தொகை திரும்பக் கிடைக்கும்.

சிறுதொழில் நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு அளிக்கும் அறிவிப்புகளும் உண்டு. ஆனால் விலக்கு நமக்கும் பொருந்தும் என்று தாமாக எண்ணிக்கொள்ளலாகாது. அந்த ஆவணத்தில் அவ்வாறு கூறப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, கேட்கப்பட்ட சான்றை இணைத்தால்தான் விலக்குக் கிடைக்கும்.

இரண்டு உறை முறை

சிறிய கொள்முதல்களில் ஒரே உறையில் எல்லாவற்றையும் கேட்பதுண்டு. மற்றவற்றில் இரண்டு உறை முறை கையாளப்படுகிறது. முதல் உறையில் முன்வைப்புத் தொகை, பதிவுச் சான்று, வருமான வரி நிரந்தரக் கணக்கு எண், தணிக்கை செய்த கணக்கு, அனுபவச் சான்று போன்றவை இருக்கும். இரண்டாம் உறையில் விலை மட்டுமே இருக்கும். முதல் உறையில் தேறியவர்களின் இரண்டாம் உறையே திறக்கப்படும்.

இணையதளத்தின் வழியே அளிக்கும்போதும் இதே முறைதான். காகித உறைக்குப் பதில் இரண்டு மின்னணு உறைகள். கையெழுத்திற்குப் பதில் மின்னணுக் கையொப்பச் சான்று. இச்சான்றைப் பெறச் சில நாட்கள் ஆகும். அதற்குக் காலாவதியும் உண்டு. ஆகவே அதை முன்னதாகவே பெற்றுக் காலக்கெடு முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குறித்த நேரம் முடிந்தவுடன் இணையதளம் எதையும் ஏற்றுக்கொள்ளாது. கடைசி மணி நேரத்தில் மின்தடையோ இணையத் தடங்கலோ நேர்ந்தால் முழு முயற்சியும் வீணாகும். ஒரு நாள் முன்னதாகவே பதிவேற்றுவது நன்று. கடைசி நேரத்திற்குள் திருத்தவும் திரும்பப் பெறவும் வழியுண்டு.

உறை திறத்தல்

குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒப்பந்தப்புள்ளி அளித்தவர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ பார்த்திருக்க உறைகள் திறக்கப்படும். காகித முறையில் ஒவ்வோர் உறைக்கும் எண்ணிட்டு, அடித்தல் திருத்தல்களைக் குறித்து, அலுவலர் சுருக்கொப்பமிடுவார். அளித்தவரின் பெயர், கேட்ட விலை, முன்வைப்புத் தொகை இணைக்கப்பட்டுள்ளதா என்ற விவரங்கள் உரக்கப் படிக்கப்பட்டு, நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்படும். குழுவின் சார்பில் ஒருவர் தவறாமல் சென்று, படிக்கப்படுவதைக் குறித்துக்கொண்டு வருதல் வேண்டும்.

இதற்குப் பின், ஆணை பிறப்பிக்கப்படும் வரை ஆய்வு மறைவாகவே நடைபெறும். அக்காலத்தில் அலுவலரைச் சந்தித்துச் சிபாரிசு செய்வதோ நெருக்குதல் தருவதோ தகுதியிழப்பில் முடியலாம். எதிர்கால ஒப்பந்தப்புள்ளிகளில் கலந்துகொள்ளும் வாய்ப்பும் பறிபோகலாம். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் உரிய காலத்தில் எழுத்து மூலம் பதிலளித்தால் போதும்.

மதிப்பீடு நடைபெறும் விதம்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு விடுதிக்கு ஓராண்டில் 12,000 கிலோ தக்காளி வழங்க ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் கிலோவிற்குக் கீழ்க்கண்டவாறு விலை எழுதியுள்ளனர்.

முதலாமவர்: ரூ.24.00. முன்வைப்புத் தொகை இணைக்கவில்லை.
இரண்டாமவர்: ரூ.25.00. நேரம் முடிந்து பத்து நிமிடம் கழித்து உறையைக் கொண்டுவந்தார்.
மூன்றாமவர்: ரூ.26.00. "சந்தை விலை ஏறினால் கூடுதல் விலை தர வேண்டும்" என்று தாமாக ஒரு நிபந்தனை எழுதி முதல் உறையில் வைத்துள்ளார்.
நான்காமவர்: ரூ.28.00. எல்லா ஆவணங்களும் சரி.
ஐந்தாமவர்: ரூ.29.50. எல்லா ஆவணங்களும் சரி.

முதல் மூவரின் விலை உறைகள் திறக்கப்படுவதில்லை. அவர்கள் எழுதிய விலை குழுவிற்குத் தெரியப் போவதுமில்லை. எஞ்சிய இருவருள் நான்காமவரே குறைந்த விலை கேட்டவர். ஆணை அவருக்கே உரியது. ஐவருள் விலை வரிசையில் நான்காம் இடத்தில் இருந்தவர் வெற்றி பெறுகிறார்.

விலைகளை ஒப்பிடும்போது வரி, வண்டி வாடகை, இறக்குக்கூலி ஆகிய அனைத்தும் சேர்ந்து விடுதி வாயிலில் என்ன விலை என்பதே கணக்கில் கொள்ளப்படும். விலையை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக எழுத வேண்டும். கிலோ விலையும் மொத்தத் தொகையும் பொருந்தி இருக்க வேண்டும். பொருந்தாவிடில் எது செல்லும் என்பதை ஆவணம் கூறும். பெரும்பாலும் அலகு விலையே செல்லும்.

மிகக் குறைந்த விலையும் சந்தை விலையை விட மிகுதி என்று அதிகாரி கருதினால், அந்தக் குறைந்த விலை கேட்டவரிடம் மட்டும் விலையைக் குறைக்கும்படி பேசலாம். மற்றவர்களை அழைத்துப் பேரம் பேச இடமில்லை.

விலை போடுவது எப்படி?

மேற்கண்ட நான்காமவர் ரூ.28 என்று கேட்டது எவ்வாறு? அவருடைய கணக்கைப் பார்ப்போம். இவை கணக்கை விளக்குவதற்கான தொகைகளே. ஒவ்வொரு குழுவும் தன் ஊர் நிலவரப்படி கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வயலில் உறுப்பினருக்குத் தரும் விலை, பன்னிரண்டு மாதச் சராசரியாகக் கிலோவிற்கு ரூ.18. நூறு கிலோ வாங்கினால் தரம் பிரித்தபின் 90 கிலோவே விடுதிக்குத் தகுதியாகும். ஆகவே வழங்கும் ஒரு கிலோவின் விலை ரூ.20 ஆகிறது. பலர் மறந்துவிடும் செலவு இதுவே. மற்றச் செலவுகள் பின்வருமாறு:

வண்டி வாடகை: ரூ.3.50
ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கிரேட் தேய்மானம்: ரூ.1.50
கணக்கர், அலுவலகச் செலவு: ரூ.1.00
பணம் வர இரண்டு மாதம் ஆகும் என்ற கணக்கில் வட்டி: ரூ.0.50
பிணைத் தொகைக்கு வட்டி, ஒப்பந்தப் பத்திரச் செலவு: ரூ.0.25

ஆக, அடக்க விலை ரூ.26.75. இதனுடன் ரூ.1.25 சேர்த்து ரூ.28 என்று கேட்டார். ஓராண்டு ஆணை மதிப்பு ரூ.3,36,000. இதற்கு 1 சதவீத முன்வைப்புத் தொகை ரூ.3,360, 5 சதவீதப் பிணைத் தொகை ரூ.16,800.

இதே பொருளை, "எப்படியாவது டெண்டரைப் பிடித்துவிடுவோம்" என்று ஒரு குழு ரூ.22க்குக் கேட்டு ஆணையும் பெற்றுவிட்டால் என்ன ஆகும்? கிலோவிற்கு ரூ.4.75 நட்டம். 12,000 கிலோவிற்கு ரூ.57,000 நட்டம். இடையில் நிறுத்தினால் பிணைத் தொகை பறிபோகும். அத்துடன், விடுதி வெளியில் கூடுதல் விலைக்கு வாங்கி, அந்த மிகைச் செலவையும் குழுவிடமிருந்து பிடித்தம் செய்யும் நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. இந்நட்டம் யாரோ ஒரு முதலாளியுடையதன்று. உறுப்பினர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குத் தொகையிலிருந்து போவதாகும்.

விலை ஏறும் மாதங்கள்

காய்கறியில் மற்றோர் இடரும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாட்டின் பல நகரங்களில் தக்காளி கிலோ ரூ.100ஐத் தாண்டியது. அத்தகைய மாதத்தில் ஒப்பந்த விலை ரூ.28 ஆகவே இருக்கும். உறுப்பினர்கள் தங்கள் தக்காளியைச் சந்தைக்கு அனுப்ப விரும்புவது இயல்பே. ஆனால் விடுதிக்குச் சரக்குச் செல்லாவிட்டால் அபராதம் குழுவின் மேல் விழும்.

இதை எதிர்கொள்ள முன்னேற்பாடு வேண்டும். ஒப்பந்தப்புள்ளி அளிப்பதற்கு முன்பே உறுப்பினர் கூட்டத்தைக் கூட்டி, யார் எந்த மாதத்தில் எவ்வளவு தருவது என்று எழுதிக் கையெழுத்துப் பெறவேண்டும். விலை இறங்கும் மாதங்களில் உறுப்பினருக்குச் சந்தையை விட மிகுதியாகக் கிடைக்கிறது; அதற்கு ஈடாகவே விலை ஏறும் மாதங்களில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை எல்லோரும் உணர வேண்டும். கோடையிலும் அறுவடை கிடைக்குமாறு கிணற்றுப் பாசனமுள்ள உறுப்பினர்கள் நடவைப் பிரித்துச் செய்ய வேண்டும். சில ஒப்பந்தங்களில் அன்றாடச் சந்தை விலையில் இத்தனை சதவீதம் என்றே விலை கேட்கப்படுகிறது. விலை ஏற்றத்தாழ்வு மிக்க பொருள்களுக்கு அத்தகைய ஒப்பந்தங்களே சிறு குழுக்களுக்கு ஏற்றவை. நெடுநாள் கெடாத சிறுதானியம், பருப்பு ஆகியவற்றில் இந்த இடர் குறைவு என்பதால், புதிதாகத் தொடங்கும் குழுக்கள் அவற்றில் தொடங்குவது நல்லது.

தவறு நடந்தால்

சரியான ஒப்பந்தப்புள்ளி காரணமின்றித் தள்ளப்பட்டதாகக் கருதினால், ஏற்பு ஆணை கிடைத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் அரசிற்கு மேல்முறையீடு செய்யச் சட்டம் இடமளிக்கிறது. நாள் கடத்தலாகாது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒப்பீட்டுப் பட்டியலையும் தள்ளியதற்கான காரணத்தையும் கேட்கலாம். ஆணை பிறப்பிக்கப்பட்ட பின் இதைக் கேட்பது பயன் தரும்.

நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளில் யாருக்கு ஆணை தருவது நல்லது என்று தாமே தீர்மானிப்பதில்லை. முடிவெடுத்த முறை நேர்மையானதா என்றே ஆராய்கின்றன. 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆகவே உறை திறந்த நாளில் எடுத்த குறிப்பு, அனுப்பிய கடிதங்களின் நகல், பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைப்பது முறையீட்டிற்கு வலுவூட்டும்.

தோற்றாலும் பயன் உண்டு. வென்றவர் கேட்ட விலை, நாம் விட்டுவிட்ட ஆவணம் ஆகியவற்றைக் குறித்து வைத்தால் அடுத்த ஆண்டிற்கு அதுவே வழிகாட்டியாகும்.

அனுப்புமுன் சரிபார்க்க

உறையை ஒட்டுமுன் அல்லது இணையத்தில் பதிவேற்றுமுன் இருவர் தனித்தனியே கீழ்க்கண்டவற்றைச் சரிபார்த்தல் வேண்டும்.

• கேட்ட எல்லாச் சான்றுகளும் உள்ளனவா? காலாவதியாகாதவையா?
• முன்வைப்புத் தொகை சரியான பெயரில், சரியான அளவில் உள்ளதா?
• எல்லாப் பக்கங்களிலும் கையொப்பம் உள்ளதா?
• விலை இரண்டாம் உறையில் மட்டும் உள்ளதா?
• எண்ணும் எழுத்தும் ஒத்துள்ளனவா?
• ஆவணத்தில் இல்லாத நிபந்தனை எதையும் நாம் எழுதவில்லையே?
• கையொப்பமிடுபவருக்கு அதிகாரம் அளித்த குழுத் தீர்மானத்தின் நகல் உள்ளதா?

நல்ல விதையைத் தேர்ந்தெடுத்துப் பருவம் தவறாமல் விதைப்பது போலவே, ஆவணங்களைத் தேர்ந்து காலம் தவறாமல் அளிப்பதும் விளைச்சலுக்கு அடிப்படை. உழவர் குழுக்கள் இம்முறையைக் கற்று, அடக்க விலையை நன்கு கணக்கிட்டுப் போட்டியில் இறங்கினால், அரசு நிறுவனங்கள் என்னும் நிலையான சந்தை அவர்களுக்குக் கிட்டும். அடக்கத்திற்குக் கீழே ஆணை கிடைப்பதைக் காட்டிலும், கிடைக்காமல் போவதே குழுவிற்கு நல்லது என்பதையும் மறத்தல் கூடாது.